கம்பம் சித்தப்பா போன பிறகு அப்பா பேசுவதே இல்லை

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு 58 வயது. 1985-ல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து, குன்னூர் பக்கத்து வெலிங்டனில் பயிற்சி முடித்து, 1987-ல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். 2003-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். பிறகு போன வருஷம் வரை பேங்க்கில் செக்யூரிட்டி. வெலிங்டனில் ஒரே பேட்சில் சேர்ந்த மூன்று பேர் கூடப் பிறந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். ராமநாதபுரத்துக்காரர் அந்த அக்டோபரிலேயே அங்கே இறந்துவிட்டார். அவருடைய அம்மா இருந்தவரை அப்பா மாதாமாதம் மணியார்டர் அனுப்பினார். இன்னொருவர் கம்பத்துக்காரர், எங்களுக்குச் சித்தப்பா. ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் போனில் பேசுவார்கள். இந்த ஆவணியில் சித்தப்பா மாரடைப்பில் போய்விட்டார். அப்பா பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனவர், திரும்பி வந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கும் போகவில்லை. இரண்டு மாதமாகச் சாப்பாடு பாதிதான். தூக்கத்தில் கத்துகிறார், கையை வீசுகிறார். எழுப்பப் போன அம்மாவுக்குக் கன்னத்தில் அடிபட்டது. ஞாயிறு மட்டும் எடுத்த பட்டாளக் கேன்டீன் ரம் இப்போது தினமும். காலை நாலரைக்கே எழுந்து வாசலில் நிற்கிறார். அம்மா சிலோனிலிருந்து வந்த குடும்பம். அதனால் யாழ்ப்பாணப் பேச்சே எங்கள் வீட்டில் எடுத்ததில்லை. இது மனநோயா? பேச வைக்க வேண்டுமா, விட்டுவிடலாமா? இன்னொன்று, கேட்கவே கூச்சமாக இருக்கிறது: முப்பது வருஷம் கூட வாழ்ந்த அம்மாவைவிட அந்த நட்பு பெரிதா?

பதில்: உங்கள் மூன்று கேள்விகளுக்கும் முன்னால், நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். பேங்க் காவல் வேலைக்குப் போகும் முன்னாள் படைவீரர்கள் பலர் சொந்த லைசென்ஸில் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருப்பார்கள். அப்பாவுடையது இன்னும் பீரோவில் இருக்கிறதா? இருந்தால் இந்த வாரமே அது வீட்டை விட்டுப் போக வேண்டும். தேர்தல் நேரத்தில் ஒப்படைப்பது அவருக்குப் பழக்கம்தான். அதேபோல லைசென்ஸ் உள்ள ஆயுத டீலரிடமோ, காவல் நிலையத்தில் விசாரித்தோ பாதுகாப்பில் வைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். நீங்களோ உங்கள் அண்ணன் தம்பிகளோ தூக்கிக்கொண்டு போகக் கூடாது. லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கிறது, அவர்தான் கொண்டு போக வேண்டும். “வேலைதான் முடிஞ்சிருச்சே, வீட்ல குழந்தைங்க வந்து போறாங்கப்பா, கொஞ்ச நாள் வெளியில இருக்கட்டும்” என்று நேராகச் சொன்னால் ஆயுதத்தைக் கையாண்ட மனிதருக்குப் புரியும். தேயிலைக்கு அடிக்கும் மருந்து ஷெட்டில் இருந்தால் அதற்கும் பூட்டு போட்டு, சாவியை வேறு வீட்டில் வையுங்கள்.

அவர் உயிரை மாய்த்துக்கொள்வார் என்று நான் சொல்லவில்லை. குடி கூடி, தூக்கம் கெட்டு, நெருங்கிய துணையும் போன ஐம்பது வயது கடந்த ஆணின் வீட்டில் ஆயுதம் இருக்கக் கூடாது என்பது பொது விதி. அந்த எண்ணத்தின் வேகம் பலருக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். அந்த நேரத்தில் கை எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருந்தால் பலர் பிழைத்துவிடுகிறார்கள். ஒருமுறை நேராகவே கேட்டுவிடுங்கள்: “இருந்து என்னன்னு தோணுதாப்பா? சாகணும்னு நெனப்பு வருதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றாலோ, மெடலையும் பேப்பர்களையும் ஒவ்வொருவருக்காகப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தாலோ, அன்று அவரைத் தனியாக விடாதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104 இரண்டிலும் தமிழில் பேசலாம். நேரில் என்றால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

இனி அந்த நட்புக்கு வருவோம். அதைப் புரிந்துகொள்ளாமல் மற்ற எதைச் செய்தாலும் கோணலாகத்தான் போகும்.

வெலிங்டனுக்குப் பயிற்சிக்குப் போகும் பையனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சிப்பாய்க்குப் பெயரே ‘தம்பி’. பட்டாளத்தில் ஆட்களை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுவார்கள். அதற்குப் ‘பட்டி’ (buddy) என்று பட்டாளப் பேச்சு. களத்தில் ஒருவன் தூங்கினால் மற்றவன் விழித்திருப்பான். ஒருவன் நகர்ந்தால் மற்றவன் குறிவைத்துக் காவல் இருப்பான். குண்டு பட்டால் முதல் கட்டுப் போடுவது டாக்டர் இல்லை, பக்கத்தில் கிடப்பவன்தான். அடிபட்டவனின் பையிலிருக்கும் கட்டுத்துணியைத்தான் எடுக்க வேண்டும், தன்னுடையதை எடுக்கக் கூடாது என்பது பாடம், அடுத்த குண்டு தனக்கே வரலாம் என்பதால். இருபது வயதில், இன்னும் மனம் கெட்டிப்படாத பருவத்தில், மாதக்கணக்கில் இப்படிப் பழகியவனுக்கு அந்தக் கூட்டாளி ‘நல்ல நண்பன்’ என்ற கணக்கில் வரமாட்டான். தன் பாதுகாப்பையே அவனிடம் கொடுத்து வைத்துப் பழகிய உடம்பு அது.

இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானிய வீரர்களை ஆராய்ந்த ஷில்ஸ், ஜானோவிட்ஸ் என்ற இருவர் 1948-ல் எழுதியதும் இதுதான்: அவர்கள் கடைசிவரை சண்டை போட்டது கொள்கைக்காக என்பதைவிடப் பக்கத்திலிருந்த சில பேருக்காக. 1988-ல் எல்டர், கிளிப் என்ற ஆய்வாளர்கள் இரண்டாம் உலகப் போர், கொரியப் போர் வீரர்களின் நாற்பது வருஷ வாழ்க்கையைப் பார்த்தார்கள். கடுமையான சண்டையில் இருந்து, கூட இருந்தவர்களைப் பறிகொடுத்தவர்களிடம்தான் பட்டாள நட்பு அதிக காலம் அறுபடாமல் இருந்தது. மூன்று பேரில் ஒருவர் அங்கேயே போனபோது, மிஞ்சிய இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

ஆகவே ஞாயிறு எட்டு மணி போனை அரட்டை என்று நினைக்க வேண்டாம். வீட்டில் திறக்க முடியாத ஒன்றை வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் திறந்து, மறுபடி மூடி வைக்கிற இடம் அது. யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே, மாட்டு விலையும் மழையும் மட்டும் பேசிக்கூட அதைச் செய்ய முடியும். எதிர்முனையில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும் என்பதே போதும். இத்தனை வருஷம் அப்பாவை வேலைக்குப் போகவும், உங்களைப் படிக்க வைக்கவும், ரம்மை ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்தவும் வைத்ததில் அந்தப் போனுக்குப் பங்கு உண்டு. அந்த நட்பால் அவருக்கு நோய் வரவில்லை. நோயை அதுதான் தள்ளி வைத்திருந்தது.

உங்கள் முதல் கேள்வி, இது மனநோயா? இரண்டு மாதத் துக்கத்துக்கு யாரும் நோய் என்று பெயர் வைக்கக் கூடாது. நீடித்த துயரக் கோளாறு என்று சொல்ல, உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் குறைந்தது ஆறு மாதம் கேட்கிறது, அமெரிக்கப் பட்டியல் ஒரு வருஷம் கேட்கிறது. ஆனால் அப்பாவிடம் இருப்பது ஒரு துக்கம் இல்லை, இரண்டு. சித்தப்பாவின் சாவு 1987-ன் சாவையும் கிளறிவிட்டது. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கர்களிடம் பிவர், ஃபீல்ட் என்பவர்கள் நடத்திய ஆய்வு 2004-ல் வந்தது. முப்பது வருஷத்துக்கு முன் இறந்த சக வீரனுக்கான துயரம், அண்மையில் வாழ்க்கைத் துணையை இழந்தவர்களின் துயரத்துக்கு ஈடான அளவில் இருந்தது. போர்க்களத்தில் அழ நேரம் கிடையாது. உடலை ஹெலிகாப்டரில் ஏற்றிவிட்டு அன்று ராத்திரியே காவலுக்கு நிற்க வேண்டும். காரியம், கருமாதி எதிலும் அவன் இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து அப்பா திரும்பி வந்ததைக் கல்நெஞ்சம் என்று ஊரில் யாராவது சொல்லியிருந்தால் காதில் வாங்காதீர்கள். தாங்காது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

கெட்ட கனவு, திடுக்கிடல், ஒதுங்கல், எதிலும் பிடிப்பில்லாமை எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் சேர்ந்து நின்றால், போர் அதிர்ச்சியின் பின்விளைவான பி.டி.எஸ்.டி. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருபது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு, பத்து நிமிஷ வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 80. 31 முதல் 33-க்குள் வந்தாலோ அதைத் தாண்டினாலோ விரிவாகப் பரிசோதிப்போம். அது தீர்ப்பு இல்லை, கதவுதான். இளமையில் சமாளித்தவர்களுக்கு வேலை ஓய்வு, உடல் தளர்ச்சி, கூட்டாளிகளின் சாவு என்று வரிசையாக வரும்போது பழைய போர் நினைவுகள் புதிதாகக் கிளம்புவது எங்கள் மனநலத் துறையில் நன்றாகத் தெரிந்த விஷயம். அப்பாவுக்கு வேலையும் சித்தப்பாவும் ஒரே வருஷ இடைவெளியில் போயிருக்கிறார்கள்.

நாலரை மணிக்கு வாசலில் நிற்பதை மட்டும் நோய்க் கணக்கில் சேர்க்க வேண்டாம். விடியலிலும் அந்தியிலும் எதிரி வரலாம் என்று எல்லோரும் ஆயுதத்தோடு தயாராக நிற்பது பட்டாள வழக்கம், ‘ஸ்டாண்ட் டூ’ என்பார்கள். ஓய்வு பெற்ற பலரிடம் அந்தக் கடிகாரம் மிஞ்சியிருக்கும். ஸ்வெட்டரும் ஒரு டம்ளர் டீயும் கொடுத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போங்கள்.

ராத்திரிதான் முதலில் சரிசெய்ய வேண்டியது. அம்மா இனி அவரைத் தொட்டு எழுப்பக் கூடாது. கால்மாட்டுப் பக்கம், கை எட்டாத தூரத்தில் நின்று, லைட்டைப் போட்டு, பெயர் சொல்லி, இடத்தைச் சொல்ல வேண்டும்: “கோத்தகிரி வீடுங்க. நான்தான். மணி ரெண்டு.” கண் தெளியும்வரை அதையே நிதானமாகச் சொல்லட்டும். என்ன கனவு என்று அப்போது விசாரிக்க வேண்டாம். தண்ணீர் கொடுத்து, எழுந்து நாலடி நடக்க வைத்தால் போதும். கொஞ்ச நாள் தனிக் கட்டிலில் படுப்பதில் தப்பில்லை. ஆனால் அடித்ததற்குத் தண்டனை மாதிரி ஆகிவிடாமல், இரண்டு பேரும் பேசி முடிவு செய்யட்டும்.

கை வீசுவதைப் போர்க் கனவு என்று நாமாகவே முடிவு கட்டிவிடவும் முடியாது. கனவு காணும்போது உடம்பு தளர்ந்து கிடக்க வேண்டும். அந்தத் தளர்ச்சி கெட்டுப்போகிற ஒரு தூக்கக் கோளாறு இந்த வயது ஆண்களுக்கு வரும். கனவில் செய்வதை நிஜத்தில் கைகால்கள் செய்யும், பெரும்பாலும் ராத்திரியின் பின்பாதியில். சிலருக்கு அது பார்க்கின்சன் நோயின் முன்னறிவிப்பாக வருஷக்கணக்கில் முன்பே வரும் என்பதால் நரம்பியல் டாக்டர் பார்க்க வேண்டும். குறட்டையும் நடுவில் மூச்சு நிற்பதும் இருந்தால் அதுவும் கனவுகளை மோசமாக்கும். அப்பாவிடம் சொல்லிவிட்டு, ஒரு ராத்திரி இரண்டு மூன்று நிமிஷம் செல்போனில் படம் எடுத்துவையுங்கள். டாக்டருக்கு உங்கள் வர்ணனையைவிட அது உதவும். கூடவே தைராய்டு, பி12, சர்க்கரை, ரத்த அழுத்தம். காதையும் பாருங்கள். துப்பாக்கிச் சத்தத்தில் பழகியவர்களுக்குக் கீச்சென்ற உச்சஸ்தாயிச் சத்தங்கள் முதலில் போகும். நாலு பேர் பேசும் இடத்தில் அவர் ஒதுங்குவதில் பாதி, சரியாகக் கேட்காததால் இருக்கலாம்.

ரம் விஷயத்தில் கணக்கு வேண்டும். கேன்டீன் ரம்மில் 30 மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம் சாராயம். 60 என்றால் 20, ஒரு குவார்ட்டர் அளவு 180 என்றால் 60 கிராம். பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு ஒரு வாரம் பார்த்தால் நிஜ அளவு தெரியும். “குளிருக்கு ஒரு பெக்” என்று நம் மலையில் சொல்லிச் சொல்லியே நிறையப் பேர் இதில் விழுந்திருக்கிறார்கள். குடித்தால் முதல் மூன்று மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வரும். சாராயம் இறங்க இறங்கக் கனவுத் தூக்கம் திமிறிக்கொண்டு வரும். இரண்டு, மூன்று மணிக் கத்தல் பெரும்பாலும் அதன் விளைவு. கனவுக்குப் பயந்து குடிக்கிறார், குடித்ததால் கனவு கூடுகிறது.

ஆனால் பாட்டிலை ஒளித்து வைத்து ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் தினமும் ஒரு குவார்ட்டர், அதற்கு மேல் போகிறவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலாம் நாளுக்குள் சுயநினைவு கலைந்து இல்லாததைப் பார்ப்பார்கள். பழைய யுத்தம் திரும்பிவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொண்டு மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். அது உயிருக்கு ஆபத்தான நிலை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குறைப்பதை டாக்டர் மேற்பார்வையில், தயமின் ஊசி மாத்திரையோடு செய்ய வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். ரம்மோடு சேர்ந்தால் மூச்சை அடக்கும், பாத்ரூம் போகும்போது விழ வைக்கும்.

இரண்டாவது கேள்வி, பேச வைப்பதா விடுவதா. இதற்கு நம் மலையோடு தொடர்புள்ள ஒருவரையே சாட்சிக்கு அழைக்கலாம். 1901-02 வாக்கில் ஊட்டிப் பக்கம் தோடர் பழங்குடியினரை ஆராய்ந்த டாக்டர் ரிவர்ஸ்தான், முதல் உலகப் போரின்போது ஸ்காட்லாந்தில் மனம் நொறுங்கிய ராணுவ அதிகாரிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். ‘போரையே நினைக்காதே, மறந்துவிடு’ என்ற அன்றைய அறிவுரைதான் நோயை வளர்க்கிறது என்று 1918-ல் அவர் எழுதினார். சதா அதையே கிளறிக்கொண்டிருப்பதும் ஆகாது என்றார். அவர் சொல்லும் ஒரு நோயாளி, குண்டில் சிதறிய நண்பனின் உடலைத் தேடிப் போய்ப் பார்த்தவர். கனவில் தினமும் அதே காட்சி. உடல் அந்த நிலையில் இருந்ததே நண்பன் நொடியில் இறந்தான், வலியில் துடிக்கவில்லை என்பதற்குச் சாட்சி என்று ரிவர்ஸ் எடுத்துக்காட்டினார். பிறகு கனவு வராமல் போகவில்லை, மாறியது. நண்பன் பக்கத்தில் மண்டியிட்டு, அவன் வீட்டாருக்குக் கொடுக்கப் பொருள்களைச் சேகரிப்பதாக வந்தது. நூறு வருஷம் கழித்தும் நாங்கள் செய்வது ஏறக்குறைய அதே வேலைதான்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது அதைவிடச் சின்னது. நேருக்கு நேர் உட்கார்ந்து “மனசு விட்டுப் பேசுங்கப்பா” என்றால் எழுந்து போய்விடுவார். தோட்டத்தில் கவாத்து வெட்டும்போது, காய்கறிக்குக் களை எடுக்கும்போது பக்கத்தில் நின்று சின்ன விஷயம் கேளுங்கள். வெலிங்டனில் லங்கரில் (பட்டாளச் சமையற்கூடத்தில்) என்ன போடுவார்கள், ஓட்டத்தில் மூன்று பேரில் யார் முந்துவார், கம்பம் சித்தப்பா முதன்முதலில் மலைக்குளிரில் என்ன பாடுபட்டார் என்று. சாவைப் பற்றிக் கேட்காமல் செத்தவர் வாழ்ந்ததைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் வாய் திறக்கும். அவர் நிறுத்துகிற இடத்தில் நீங்களும் நிறுத்திவிடுங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள், தமிழனே தமிழனை அடித்தானே என்ற கேள்விகளை வீட்டில் யாரும், மாப்பிள்ளை உட்பட, விளையாட்டுக்குக்கூடக் கேட்கக் கூடாது. “அது என்னாலதான், அன்னைக்கு என் டியூட்டி” என்று அவர் சொன்னால், “சேச்சே, உங்க தப்பில்ல” என்று பாய்ந்து மறுக்காதீர்கள். மறுத்தால் அடுத்த வாக்கியம் வராது. “அப்படியா நெனச்சுட்டே இருக்கீங்க இத்தனை வருஷமா?” என்பது போதும்.

அந்தக் குற்ற உணர்வை அவிழ்க்கும் வேலையை எங்களிடம் விடுங்கள். பன்னிரண்டு அமர்வுகளில் நடக்கும் ஒரு பேச்சு சிகிச்சையில் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு, அந்தச் சாவுக்குக் காரணமான ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றுக்கும் பங்கு பிரிப்போம். கண்ணி வைத்தவன், அந்தப் பாதையைத் தேர்ந்த உத்தரவு, வேலை செய்யாத வயர்லெஸ், இருட்டு, மழை என்று. எல்லோருக்கும் பிரித்த பிறகு கடைசியில்தான் அவருடைய துண்டு. அவர் அந்த நிமிஷத்தில் என்ன தெரிந்து வைத்திருந்தார் என்பதையும், பிறகு தெரிந்ததை முன்பே தெரிந்ததாக நினைத்துத் தன்னைத் தண்டிக்கிறாரா என்பதையும் பிரித்துப் பார்ப்போம். நினைவை எதிர்கொள்ளப் பழக்கும் இன்னொரு முறை 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். இரண்டிலும் நடுவில் கொஞ்ச நாள் சிலருக்குக் கனவும் எரிச்சலும் கூடலாம். சிலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த நாள்களில் ‘இதுக்குப் போய்த்தான் கெட்டுப் போச்சு’ என்று வீட்டில் யாரும் சொல்லிவிடக் கூடாது.

கம்பத்துக்குப் போகும் வேலை பாக்கி இருக்கிறது, அதை விடாதீர்கள். பதினாறு முடிந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். துக்க வீட்டில் இந்த வருஷம் தீபாவளி கிடையாது. அப்பாவுக்கும் பட்டாசு வெடிக்காத ஒரு வீடு வேண்டும். தெருவில் சத்தம் இருக்கத்தான் செய்யும், ஆனால் சிரித்துக்கொண்டு இனிப்பு நீட்ட வேண்டிய கட்டாயம் இருக்காது. முதலில் சித்தியிடம் போனில் பேசி அனுமதி வாங்குங்கள். பகலில் மலையிறங்குங்கள், ஐப்பசி மழையில் ராத்திரிப் பயணம் வேண்டாம். வெறுமனே துக்கம் விசாரிக்க என்றால் அவர் மறுபடியும் பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிவிடுவார். கையில் ஒரு வேலை கொடுங்கள். சித்திக்குக் குடும்ப ஓய்வூதியம் ஆரம்பித்துவிட்டதா, பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய உத்தரவு, இறப்புச் சான்றிதழ், ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டு செல்லுமா என்று ஒரு ஹவில்தார் பார்த்துக் கொடுக்கட்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் ஃபைல் நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். சிக்கல் இருந்தால் தேனி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவரே சித்தியைக் கூட்டிப்போகலாம். ராமநாதபுரத்து அம்மாவுக்கு மணியார்டர் அனுப்பியவர் இந்த வேலைக்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

ஞாயிறு எட்டு மணிக்கு அந்த நாற்காலியில் நீங்கள் போய் உட்கார்ந்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அந்தப் பட்டாலியனில், அதே சமயம் அங்கே இருந்த இன்னொருவரைக் கண்டுபிடியுங்கள். ரெஜிமென்ட் நாள், பட்டாலியன் தினக் கூட்டங்களில் கிடைப்பார்கள், ஊட்டியிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேட்கலாம். அவரிடம் விஷயத்தைச் சொல்லி, அவரே கூப்பிடுவது போல இருக்கட்டும். பேட்ச் வாட்ஸ்அப் குரூப் மட்டும் இதற்குப் பதிலாகாது. இந்த வயதில் அதில் வாரம் ஒரு ‘ஓம் சாந்தி’ வருகிறது, ராத்திரி படுக்கும் முன் அதைப் பார்க்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

அம்மாவைப் பற்றி. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் நீலகிரியில் ஏராளம். அவர்களுக்கு யாழ்ப்பாணம் வேறு ஊர், வேறு வாழ்க்கை. ஆனால் இங்கே எல்லோருமே ‘சிலோன்காரங்க’. 1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு போன வீரர்களை அங்கே மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபர் 10 முதல் அதே தெருக்களில் சண்டை. அந்த வருஷத் தீபாவளியன்று, அக்டோபர் 21-ல், யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் சுட்டதில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் இறந்தார்கள். அமைதிப்படையில் ஏறக்குறைய 1,200 பேர் உயிரிழந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னையில் இறங்கியபோது வரவேற்புக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அரசியலில் யார் பக்கம் நியாயம் என்பது இந்தப் பகுதிக்கு அப்பாற்பட்டது. ஒரு தமிழ்ச் சிப்பாய்க்கு இதன் பொருள் என்ன என்பதுதான் இங்கே கேள்வி. ஜெயித்தேன் என்று சொல்லவும் முடியாது, இழந்தேன் என்று அழவும் முடியாது, கட்டிய மனைவியின் குடும்பத்தில் வாயே திறக்க முடியாது. திரும்பி வந்த வீரனுக்குச் சுற்றியுள்ளவர்கள் ஆதரவு இருக்கிறதா இல்லையா என்பது பின்னாளில் நோய் வருவதைத் தீர்மானிக்கும் பெரிய காரணங்களில் ஒன்று. அப்பா எந்தத் தெருவில் எந்த நாளில் இருந்தார் என்று நீங்கள் ஊகிக்க வேண்டாம், இணையத்தில் தேடிப் பொருத்திப் பார்க்கவும் வேண்டாம். அம்மா ஒரே ஒரு முறை, “அந்த ஊர்ப் பேச்ச என்கிட்ட மறைக்க வேணாம், நான் ஒண்ணும் நெனக்க மாட்டேன்” என்று சொன்னால் போதும். அதற்குப் பதில் எதிர்பார்க்கக் கூடாது.

உங்கள் மூன்றாவது கேள்வியில் கூச்சப்பட எதுவும் இல்லை, பட்டாளத்தார் மனைவி மக்கள் அடிக்கடி கேட்பதுதான். அம்மாவோடு வாழ வேண்டும் என்பதற்காகவே அந்த ஒரு மணி நேரத்தை வீட்டுக்கு வெளியே வைத்திருந்தார் என்று பாருங்கள். தான் பார்த்ததை உங்கள் தலையில் இறக்கக் கூடாது என்பது அவருக்கு ஒரு காவல் பணி. உங்கள் கல்யாணத்தில் அவர் எங்கே நின்றார் என்று அம்மாவிடம் கேளுங்கள். வாசலும் கூட்டமும் தெரிகிற மாதிரி ஒரு மூலையில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தால், அவர் விலகி நிற்கவில்லை, காவல் நின்றார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

டாக்டரிடம் போவதற்கு இ.சி.எச்.எஸ். கார்டு இருந்தால் வெலிங்டன் பாலிகிளினிக்கில் ஆரம்பியுங்கள். மனநல சிகிச்சைக்கு அங்கிருந்து மேல் மருத்துவமனைக்கு ரெஃபரல் வாங்கிக்கொள்ளலாம். “மனநல டாக்டர்” என்றால் வராதவர், “தூக்கத்துக்கும் காதுக்கும் காட்டலாம்” என்றால் வருவார், அது பொய்யும் இல்லை. போகும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் படுத்த மணி, விழித்த மணி, கத்தினாரா, ரம் எத்தனை மில்லி, எத்தனை வேளை சாப்பிட்டார், அன்று பட்டாசோ ஹெலிகாப்டரோ சாவுச் செய்தியோ உண்டா என்று நாளுக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த நோட்டு, செல்போன் வீடியோ, டிஸ்சார்ஜ் புக், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை எல்லாம் பையில் இருக்கட்டும். செர்ட்ரலின் போன்ற மருந்து எழுதினால் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டலும் படபடப்பும் வரலாம். சிலருக்கு இவ்வகை மருந்தே கனவில் கை வீசுவதைக் கூட்டும், அப்படி நடந்தால் நிறுத்திவிடாமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.